பானட்டைத் திறந்த பிறகுதான் காபி

2018 ஜூன் 10, ஞாயிற்றுக்கிழமை. ஐந்தரைக்கு எழுந்தேன். முந்தின இரவு விழுப்புரத்தில் தூறல் போட்டிருந்ததால் செடிகளுக்குத் தண்ணீர் விடவில்லை. பால் வாங்கி வந்து, காரைத் துடைத்து, டயர்களின் காற்றை அளந்து பார்த்தேன். ஞாயிறுதோறும் செய்கிற வேலை. எட்டு மணிக்கு இட்லி, தக்காளிச் சட்னி. சாப்பிட்டு முடித்து, முந்தின நாளின் டைரிக் குறிப்பை எழுத உட்கார்ந்தபோது என் மனைவியின் போன் அடித்தது. திண்டிவனத்திலிருந்து அவளுடைய அக்கா.

அக்கா அழவில்லை. ஆனால் சொன்னதையே திரும்பத் திரும்பச் சொன்னாள். அவள் வீட்டுக்காரர் விடியற்காலையில் செஞ்சி பக்கத்திலுள்ள வல்லத்துக்கு, மகளைக் கட்டிக்கொடுத்த வீட்டுக்குப் போயிருக்கிறார். சம்பந்தியின் காரில் இவர் பொருத்திய பெட்டி வெடித்துவிட்டது. இவருக்கு ஒன்றுமில்லை. சம்பந்திக்குத்தான் கண்ணில் பட்டிருக்கிறது. செஞ்சியில் காட்டிவிட்டு விழுப்புரம் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஏற்றி வருகிறார்கள்.

நான் சட்டையைப் போட்டுக்கொண்டேன். என் மனைவி வாசல்வரை வந்து, "அவருகிட்ட எதுவும் கணக்குப் பேசாதீங்க" என்றாள்.

மனைவியின் அக்கா வீட்டுக்காரர் என்றால் எனக்குச் சகலை. என்னைவிடப் பத்து வயது பெரியவர். திண்டிவனத்தில் மேம்பாலத்தை ஒட்டிய ஒரு சின்னக் கடையில் வண்டி பேட்டரிகளுக்கு சார்ஜ் போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தார். இப்போது அவர் இல்லை. அவரை நினைத்தால் முதலில் ஞாபகம் வருவது அவருடைய சட்டைகள். பேட்டரி ஆசிட் தெறித்துத் தெறித்து ஒவ்வொரு சட்டையிலும் பொடிப் பொடியாக ஓட்டை இருக்கும். கல்யாணத்துக்குப் பட்டு வேட்டியில் வருவார். மேலே அந்தச் சட்டைதான். புதுச் சட்டை எடுத்துக் கொடுத்தாலும் போட்டுக்கொண்டு நேரே கடைக்குப் போய்விடுவார். இந்த மனுசனுக்குச் சட்டை எடுக்கிறதும் சல்லடை எடுக்கிறதும் ஒன்றுதான் என்று அக்கா சொல்லிச் சிரிப்பாள்.

அவர் யார் வீட்டுக்கும் கடையில் வாங்கிய இனிப்போடு போனதில்லை. தன் கையால் செய்ததைத்தான் கொண்டுபோவார். எங்கள் வீட்டுப் புதுமனை புகுவிழாவுக்கு, பழைய ஸ்கூட்டர் பேட்டரியை வைத்துச் செய்த ஓர் அவசர விளக்கைக் கொடுத்தார். அதைப் போட்டால் எதிரே இருக்கிறவர் கண்ணைக் கையால் மறைத்துக்கொள்ள வேண்டும். கனம் தாங்காமல் ஆணி சுவரோடு பெயர்ந்து வந்தது. அதற்குப் பிறகு எங்கள் வீட்டுக்கு எப்போது வந்தாலும் அவர் கேட்கும் முதல் கேள்வி, "எரியுதா?"

அதைக் கேட்கும்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டும். தலை சற்று முன்னால் நீண்டிருக்கும். வாய் லேசாகத் திறந்திருக்கும். பெண் பார்த்துவிட்டுப் போனவர்கள் வீட்டுக்குப் பதில் கேட்டு வந்திருக்கும் தகப்பனுக்கு அப்படி ஒரு முகம் இருக்கும். அந்த முகத்துக்கு நேரே நின்று இல்லை என்று சொல்ல யாராலும் முடியாது. விளக்கு பரணில் கிடந்தது. அவர் திண்டிவனத்தில் பஸ் ஏறும் முன் போன் செய்வார்; சொல்லாமல் யார் வீட்டுக்கும் போவது மரியாதையில்லை என்பது அவர் எண்ணம். அந்தப் போன் வந்ததும் என் மனைவி ஸ்டூல் போட்டு ஏறி விளக்கை இறக்குவாள், துடைப்பாள், ஹாலில் வைப்பாள். அவர் வந்ததும், "எரியுது மாமா" என்பாள். அவர் முகம் மலர்ந்துவிடும்.

பெட்டியின் கதை அவருடைய கடையில் தொடங்கியது. சார்ஜ் ஏறிக்கொண்டிருந்த பேட்டரி ஒன்றின் பக்கத்தில் யாரோ பீடி பற்றவைக்க, பேட்டரியின் மூடி கூரைத் தகட்டில் போய் அடித்து விழுந்திருக்கிறது. கடையில் நின்றவர்கள் வெளியே ஓடினார்கள். அவர் ஓடவில்லை. தண்ணீரில் கரண்ட் பாய்ந்தால் கிளம்புகிற காற்றுக்கு இவ்வளவு பலம் இருக்கிறதா, இத்தனை வருடம் இதை வீணாகக் காற்றில் விட்டுவிட்டேனே என்று அன்றைக்கு அவருக்கு ஒரே ஆதங்கம். பிற்பாடு மகள் வாங்கிக்கொடுத்த போனில், அந்தக் காற்றை இன்ஜினுக்குள் விட்டு பெட்ரோலை மிச்சம் பிடிக்கிறவர்களின் வீடியோக்களைப் பார்த்தார். அதற்குப் பிறகு அவருக்கு வேறு பேச்சில்லை.

அவர் செய்த பெட்டியை இப்படிச் சொல்லலாம். குடிதண்ணீர் ஃபில்டரின் டப்பா இரண்டு. முதல் டப்பாவில் எவர்சில்வர் தகடுகள், காஸ்டிக் சோடா கரைத்த தண்ணீர். அதில் பேட்டரி கரண்ட் பாய்ந்தால் குமிழ்குமிழாக ஹைட்ரஜன் காற்று கிளம்பும். அது ஒரு குழாய் வழியாக இரண்டாவது டப்பாவுக்குப் போகும். அதில் வெறும் தண்ணீர். இன்ஜினிலிருந்து எப்போதாவது தீ திருப்பி அடித்தால் அந்தத் தண்ணீரைத் தாண்டி வராது. அங்கிருந்து இன்னொரு குழாய், இன்ஜின் காற்றை இழுக்கும் வாய்க்கு. வண்டி ஓடும்போது மட்டும் கரண்ட் போகிற மாதிரிதான் ஒயர் இழுத்திருப்பார். வேலையில் அவர் சுத்தம். அதில் நான் குறை சொல்ல மாட்டேன்.

உறவுக்காரர், தெரிந்தவர் யார் கார் வைத்திருந்தாலும் தேடிப்போய்ப் பொருத்தினார். ஒரு பைசா வாங்கமாட்டார். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க அவர்கள் வாசலில் மல்லாந்து கிடந்து வேலை செய்வார். சாயங்காலம் எழுந்து கை கழுவிவிட்டுப் பத்தியம் சொல்வார். நாட்டு வைத்தியர் மருந்து கொடுத்துவிட்டுப் புளி ஆகாது, கத்தரிக்காய் ஆகாது என்பாரே, அந்தத் தொனியில். அறுபதுக்கு மேல் ஓட்டக்கூடாது. வாரம் ஒரு தடவை டயருக்குக் காற்று. ஏர் ஃபில்டரைத் தட்டிச் சுத்தம் செய்ய வேண்டும். வேண்டாத சாமானை டிக்கியில் சுமக்கக்கூடாது. ஆக்சிலேட்டரைக் கரப்பான்பூச்சியை மிதிக்கிற மாதிரி மிதிக்கக்கூடாது. தூங்குகிற குழந்தையின் முதுகைத் தட்டுகிற மாதிரி தொட வேண்டும். முதல் மாதம் எல்லோரும் பத்தியத்தைக் கடைப்பிடித்தார்கள். எல்லோருக்கும் மைலேஜ் கூடியது.

அவர் கேள்வியும் மாறியது. "எரியுதா" போய் "குடுக்குதா" வந்தது. யார் வீட்டுக்குப் போனாலும் உள்ளே நுழையமாட்டார். நேரே வண்டியிடம் போய் பானட்டைத் திறந்து பெட்டியைப் பார்த்த பிறகுதான் தின்பண்டமும் காபியும். காபியை ஆற்றிக் கையில் வைத்துக்கொண்டு அந்த வீட்டுப் பெண்கள் வாசலில் நிற்பதைப் பார்த்திருக்கிறேன்.

இரும்பை கிராமத்தில் ஒருவர் வாடகைக் கார் ஓட்டினார். ஆரோவில்லுக்கு வருகிறவர்களை ஏற்றி இறக்குகிறவர். அவர் வாயில் மைலேஜ் மாதாமாதம் ஏறியது. சகலை ஒவ்வொரு தடவை போய்விட்டு வந்தும் எனக்குப் போன் செய்து புது எண்ணைச் சொல்வார். ஒருநாள் நான் பொறுக்காமல், "நீங்க இன்னும் நாலு தபா போய்ட்டு வந்தா, அந்த வண்டி பங்க்குக்குப் போய் அவங்களுக்கே பெட்ரோல் குடுத்துட்டு வரும் சகல" என்றேன். என்னைவிட அதிகமாக அவர்தான் சிரித்தார். அடுத்த வாரமே மறுபடி இரும்பைக்குப் போனார்.

கரண்ட் எங்கிருந்து வருகிறது என்று ஒரு தடவை கேட்டேன். பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றுவது இன்ஜின். இன்ஜினைச் சுற்றுவது பெட்ரோல். அந்தப் பெட்ரோலை மிச்சம் பிடிக்க அதே பெட்ரோலைத்தானே செலவழிக்கிறோம் என்றேன். அவர் யோசிக்கவே இல்லை.

"சோறு வடிச்ச கஞ்சி ஒன் ஊட்டுது. அத மாட்டுக்கு ஊத்தற. மாடும் ஒன்னுது. அது பால் குடுத்தா, கஞ்சியும் என்னுது மாடும் என்னுது, பால் மட்டும் எங்கேந்து வந்துச்சின்னு கேப்பியா சகல?"

 மாடு வெளியே போய்ப் புல்லும் மேய்கிறது என்பது இரண்டு நாள் கழித்துக் குளிக்கும்போதுதான் எனக்குத் தோன்றியது.

எங்கள் காரிலும் ஒரு பெட்டி இருந்தது. ஒரு மாதம் அவர் சொன்ன பத்தியத்தோடு பெட்டியை ஓட்டினேன். அடுத்த மாதம் பத்தியத்தை அப்படியே வைத்துக்கொண்டு, பெட்டிக்குப் போகும் ஒயரை மட்டும் கழற்றிவிட்டேன். இரண்டு மாதமும் மைலேஜில் எந்த வித்தியாசமும் இல்லை. அவர் அடுத்த முறை வந்து, பானட்டைத் திறந்துவைத்துக்கொண்டு, தலையை முன்னால் நீட்டிக் கேட்டார்.

"குடுக்குதா?"

"குடுக்குது சகல. ஆனா ஒயரக் கழட்டிட்டு ஓட்டினாலும் அதேதான் குடுக்குது. நீங்க சொன்ன பத்தியந்தான் வேல செய்யுது. பொட்டி இல்ல."

அவர் கோபப்படவில்லை. டிக்கியிலிருந்து ஸ்பேனரை எடுத்து வந்தார். குழாய், ஒயர், டப்பா என்று ஒவ்வொன்றாகக் கழற்றினார். துண்டால் துடைத்து, செய்தித்தாளில் சுற்றிப் பையில் வைத்தார். உள்ளே வந்து காபி குடித்தார். என் பக்கம் திரும்பாமல் என் மனைவியிடம், "சில பேரு கைராசி அப்டிம்மா" என்றார். அவர் போனபிறகு என் மனைவி டம்ளரை எடுத்துக்கொண்டே, "குடுக்குதுன்னு ஒரு வார்த்த சொன்னா ஒங்க வாயிலேருந்து முத்தா உதிர்ந்துடும்?" என்றாள். பல மாதங்கள் அவர் எனக்குப் போன் செய்யவில்லை.

அந்தப் பெட்டிதான் வல்லத்துக்குப் போனது. மகளைக் கட்டிக்கொடுத்த புதிது. சம்பந்தி நிலக்கடலையும் கேப்பையும் போடுகிற விவசாயி; கடலைக்கு எங்கள் பக்கம் மல்லாட்டை என்று பேர். செஞ்சிச் சந்தைக்குப் போய்வர ஒரு பழைய கார் வைத்திருந்தார். கல்யாணச் சீர் எல்லாம் கொடுத்து முடித்த பிறகு இவர் தனியாகப் போய் அதைப் பொருத்திவிட்டு வந்தார். பெண்ணை அனுப்பி, பின்னாடியே பெட்டியையும் அனுப்பிவிட்டார் என்று அந்த வீட்டில் வேடிக்கையாகப் பேசிக்கொண்டார்களாம். இவருக்கு அதில் பெருமைதான்.

ஆஸ்பத்திரியில் அவரை வராந்தா பெஞ்சில் பார்த்தேன். ஓட்டைச் சட்டை உடம்போடு ஒட்டி ஈரமாக இருந்தது. வேட்டியின் முழங்கால் பகுதியில் சேறு. நடந்ததைச் சொன்னார். பஸ்ஸிலிருந்து இறங்கிப் போனதும் சம்பந்தி தானே வந்து பானட்டைத் தூக்கிக் காட்டியிருக்கிறார். பெட்டி புஸ்ஸென்று குமிழ் விட்டுக்கொண்டிருந்தது. மாப்பிள்ளை உள்ளே உட்கார்ந்து சாவியைத் திருப்பினார். பட்டாசு மாதிரி ஒரு சத்தம். மூடி பறந்தது, காஸ்டிக் தண்ணீர் சம்பந்தியின் முகத்தில் அடித்தது. இவர் அவரைப் பிடரியில் பிடித்து இழுத்துக்கொண்டுபோய், போர்வெல் தண்ணீர் விழும் தொட்டியில் முகத்தை வைத்து, அவர் திமிறத் திமிற, ஆம்புலன்ஸ் வரும்வரை கண்ணைக் கழுவியிருக்கிறார். அதனால்தான் கண் தப்பியது என்று பிறகு மருத்துவர் சொன்னார். வலது கண்ணின் ஒரு மூலையில் மங்கல் மட்டும் நின்றுவிட்டது.

"வாட்டர் டப்பாவுல வெடிப்பு வுட்டிருக்கும் சகல. இன்ஜின் சூட்டுல வெந்துக்கினே இருக்குதில்ல. தண்ணி ஒழுவிப் போயிருக்கும். நான் பாத்திருக்கணும். பொண்ணு குடுத்த ஊட்ல போய் ஒரு மனுசன் கண்ணப் புடுங்கிட்டு வந்துட்டேன்."

வராந்தாவின் அந்தக் கோடியில் அவருடைய மகள் மாமியாரோடு நின்றிருந்தாள். மாமியார் யாரிடமோ போனில், "அவங்க அப்பா வெச்ச பொட்டிதான்" என்று சொல்லிக்கொண்டிருந்தது எங்களுக்குக் கேட்டது. மகள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பா பக்கம் தலையைத் திருப்பவே இல்லை.

என்னை மட்டும் உள்ளே விட்டார்கள். சம்பந்திக்கு இரண்டு கண்ணிலும் கட்டு. குரலை வைத்து என்னை அடையாளம் கண்டுகொண்டார். யார் யார் பக்கத்தில் இருக்கிறார்கள் என்று கேட்டார். நான் மட்டும்தான் என்றேன். படுக்கையைத் தட்டி உட்காரச் சொன்னார்.

"பொட்டி அந்த வண்டியிலயே இல்ல தம்பி. ஒரு வருசமாச்சி. மல்லாட்ட மூட்ட போட்ற ரூம்ல கெடக்குது. சம்பந்தி வர்றாருன்னு போன் வந்தா எடுத்து மாட்டிக்குவோம். அவரு பஸ் ஏறினதும் கழட்டிடுவோம்."

ஏன் கழற்றினீர்கள் என்று கேட்டேன். பேட்டரி அடிக்கடி உட்கார்ந்துவிட்டது, மைலேஜும் பழையபடி ஆகிவிட்டது என்றார். அதை அவரிடம் சொல்லியிருக்கலாமே என்றேன். கட்டுக்குக் கீழே அவர் வாய் கோணியது. சிரிப்புத்தான்.

"நீங்க ஒரு தபா சொன்னீங்களாமே, அத சம்பந்தி எங்கிட்ட சொல்லிச் சொல்லி மாஞ்சாரு. பொண்ணு குடுத்தவர்கிட்ட நான் போய் அப்டி சொல்ல முடியுமா?" பிறகு நடந்ததைச் சொன்னார். இந்தத் தடவை அறையிலிருந்து எடுத்தபோது ஒயரை எலி கடித்து வைத்திருந்தது. அவசரத்தில் பேட்டரியிலேயே நேராகக் குத்திவிட்டார். இரண்டாவது டப்பாவுக்குத் தண்ணீர் ஊற்ற மறந்துவிட்டார். வண்டி ஓடாமலே மாட்டிய நேரத்திலிருந்து குமிழ் வந்துகொண்டிருந்ததைப் பார்த்து, நன்றாக வேலை செய்கிறது, சம்பந்தி சந்தோஷப்படுவார் என்று அப்படியே பானட்டை மூடிவைத்திருக்கிறார்.

என் முழங்கையைத் தேடிப் பிடித்துக்கொண்டார். "வேணாம், வுட்டுடலாம்னுதான் நான் நெனச்சேன். எங்கப்பா பாத்தா மனசு ஒடஞ்சிடும், இன்னிக்கு மட்டும் மாட்டுங்க மாமான்னு மருமவதான் கெஞ்சிச்சி. அது வெளிய தெரிய வேணாம். எங்க ஊட்டு பொம்பள வாய் உங்களுக்குத் தெரியாது. பொட்டி தானா வெடிச்சதாவே இருக்கட்டும்."

நான் சரி என்று சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. வெளியே வந்தபோது சகலை எழுந்து நின்று, கண் தெரியும் என்று சொன்னார்களா என்று கேட்டார். கட்டுப் பிரித்தால்தான் தெரியும் என்றேன். உட்கார்ந்துகொண்டார்.

சாயங்காலம் அவரை எங்கள் வீட்டுக்கு அழைத்துவந்தேன். ஆஸ்பத்திரிக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும் என்றார். என் சட்டை ஒன்றைக் கொடுத்தேன். வாசலில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். என் மனைவி கொண்டுவந்த காபியைத் தொடவில்லை. வெகுநேரம் கழித்து, மறுநாள் முதல் பஸ்ஸில் கிளம்பப்போவதாகச் சொன்னார். முதலில் இரும்பை. பிறகு குயிலாப்பாளையம், அங்கே அவர் தங்கை வீட்டுக்காரரின் சரக்கு வேனில் ஒன்று இருந்தது. பிறகு மற்றவர்கள். எல்லாப் பெட்டியையும் பிரித்துப் பார்த்து, டப்பாவை மாற்றி, ஒயரை மாற்றிவிட்டுத்தான் மறுவேலை. யாரும் பயப்படாமல் இருக்கக் காலையில் எல்லோருக்கும் போன் போட்டு, நான் வருகிறேன் என்று சொல்லிவிட வேண்டும் என்றார்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. வல்லத்தில் நடந்தது வல்லத்தில் மட்டும் நடக்கிற காரியம் இல்லை. காலையில் அவர் போன் போனதும் எத்தனை வீட்டில் ஸ்டூல் போட்டு ஏறுவார்கள், எத்தனை பேர் கையில் கிடைத்த ஒயரை எடுத்துக் குத்துவார்கள் என்று எனக்குத் தெரியாது. எங்கள் வீட்டுப் பரணில் இருந்தது வெறும் விளக்கு, அது வெடிக்காது.

"சகல, வல்லத்துல வெடிச்சது உங்க தப்பு இல்ல" என்றேன்.

"ஆறுதல் சொல்லாத. நீ ஆறுதல் சொல்ற ஆளு இல்ல."

"ஆறுதல் இல்ல. நடந்தத சொல்றேன்."

சொன்னேன். மல்லாட்டை அறை, எலி கடித்த ஒயர், ஊற்றாத தண்ணீர்.  முடித்ததும் நாற்காலியில் நிமிர்ந்தார். முகத்தில் காலையிலிருந்து இல்லாத ஒரு தெளிவு வந்தது.

"அப்ப என் ஒயரிங் இல்ல?"

"இல்ல."

"டப்பாவும் வெடிப்பு வுடல?"

"டப்பா நல்லாத்தான் இருந்திருக்கு."

நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு மூச்சை விட்டார். காபியை எடுத்துப் பாதி குடித்தார். அந்தப் பாதிக் காபி வரைக்கும்தான் அந்தத் தெளிவு இருந்தது. டம்ளரைக் கீழே வைக்கும்போது கை நின்றது.

"ஒரு வருசமாவா?"

நான் தலையசைத்தேன்.

"எல்லாருமா?"

எனக்குத் தெரிந்தது சம்பந்தி விஷயம் மட்டும்தான், மற்றவர்களைப் பற்றித் தெரியாது என்றேன். அது உண்மை. அவர் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார். எதிர் வீட்டில் வண்டியை உள்ளே ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

"இரும்பையில டியூபு பளபளன்னு இருந்துச்சி சகல. ஓட்ற வண்டியில டியூபு அப்டி இருக்காது. தூசி அப்பிக்கும், ஆயில் பிசுக்கு ஏறும். பாத்தேன். நல்லா தொடச்சி வெச்சிருக்கான் பாருன்னு நெனச்சிக்கினேன். குயிலாப்பாளையத்துல பாரு, கிளாம்ப தலகீழா மாட்டியிருந்துச்சி. நான் அப்டி மாட்ட மாட்டேன். வண்டி ஆட்டத்துல திரும்பிக்கிச்சின்னு நானே சரி பண்ணிட்டு வந்தேன்."

பிறகு என் பக்கம் திரும்பினார். தலை முன்னால் நீளவில்லை. சாதாரணமாகத்தான் கேட்டார்.

"எம் பொண்ணுக்குத் தெரியுமா?"

"தெரியாது" என்றேன்.

என் முகத்தையே சற்று நேரம் பார்த்தார். "நீ சொன்னா சரிதான்" என்றார்.

இரவு இரண்டு தோசை சாப்பிட்டார். படுக்கப் போகும் முன் என் மனைவியிடம், காலையில் தன்னை எழுப்ப வேண்டாம், தானே எழுந்துவிடுவேன் என்றார்.

மறுநாள் திங்கட்கிழமை. நான் எழுந்து வந்தபோது அவர் குளித்து, திருநீறு இட்டு, வாசல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கையில் போன். அவர் அதைக் காதில் வைக்கமாட்டார். ஸ்பீக்கரில் போட்டு வாயருகே பிடித்துக்கொண்டுதான் பேசுவார். பல் விளக்கும் முன்பே நான் கேட்டது இரும்பைக்காரரின் குரல்.

"இன்னா மாமா, காலங்காத்தால? பஸ் ஏறிட்டீங்களா?"

"இல்லப்பா. வர்ல."

"வாங்க மாமா. பொட்டி சூப்பரா ஓடிக்கினு இருக்குது."

"தெரியும்பா. அதக் கழட்டிடு."

"நல்லா குடுத்துக்கினு இருக்கறத இன்னாத்துக்கு மாமா கழட்டணும்?"

"வல்லத்துல ஒண்ணு வெடிச்சிப் போச்சி. எனக்காவ கழட்டிடு. ஊட்லயும் வெக்காத. காயலான் கடையில போட்டுடு."

"நீங்க கையால செஞ்ச பொருளு மாமா. காயலான் கடையில எப்டிப் போட்றது?"

"போட்டுடுப்பா. நான் வந்து கேக்க மாட்டேன்."

 எங்கோ சேவல் கூவியது மட்டும் போனில் கேட்டது. பிறகு இரும்பைக்காரர், "சரி மாமா, நீங்க சொல்றீங்களேன்னு இன்னிக்கே கழட்டிடறேன்" என்றார்.

"சந்தோசம்பா" என்றார் சகலை. போனைத் தள்ளிப் பிடித்து, கண்ணைச் சுருக்கிக்கொண்டு, அடுத்த பெயரைத் தேடினார்.